அக்கா அழிக்க மறுத்த சத்தம்

ஒடுகத்தூர் சந்தைத் தெருவில் மைக் செட் கடை வைத்திருந்த அக்கா எந்த வேலையையும் இரண்டாம் தடவை செய்து நான் பார்த்ததில்லை. தோசையைத் திருப்பிப் போடுவதுகூட அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு பக்கம் வெந்ததும் எடுத்துத் தட்டில் போட்டுவிடுவார். "மறுபக்கம் வெள்ளையா இருக்குதேக்கா" என்றால், "உன் வயித்துக்கு இன்னா கண்ணா கீது? துன்னு" என்பார்.

கடைக்கு முன்னால் ஒரு பலகை. அதில் ஒரு குழாய் ஸ்பீக்கர் வரைந்து நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கரின் வாயிலிருந்து நீலம் வழிந்து பலகையின் அடிவரை கோடு கோடாக இறங்கிவிட்டது. பெயிண்டர் பதறிப்போய் மறுநாள் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார். அக்கா அவரைப் பலகைப் பக்கமே விடவில்லை. "நேத்து வரைக்கும் அது ஊமைக் குழாய்யா. இப்பதான் அதுலேர்ந்து சத்தம் வர்ற மாதிரி கீது."

கடைக்குள் இரண்டு போட்டோக்கள் மாட்டியிருக்கும். ஒன்று அவருடைய வீட்டுக்காரர், மாலையோடு, விறைப்பாக. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவர். இன்னொன்று அக்கா. ஸ்டுடியோக்காரர் பட்டனை அழுத்திய அந்த நொடியில் அக்கா தும்மிவிட்டார். கண் இரண்டும் மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, பார்த்தால் பேய் பிடித்தது போலிருக்கும். இன்னொன்று எடுக்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் கெஞ்சியிருக்கிறார். "தும்முனது நான்தானே? வேற எவளும் வந்து தும்மலியே?" என்று அதையே பிரேம் போட்டுக் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஜோடிப் பொருத்தம் சுமார்தான்.

வீட்டுக்காரர் போனதும் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். பொம்பளை மைக் செட் நடத்தி எங்கே கேட்டிருக்கிறோம் என்றார்கள். அக்கா சேலைக்கு மேல் கணவரின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கடையைத் திறந்தார். கொழுந்தனார் கடைசியாக ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். மலைக்கு மேலே நெல்லிவாசல்நாட்டுத் திருவிழாவுக்கு எந்த மைக் செட் வரவேண்டும் என்று நாட்டாமை வெற்றிலை கொடுத்து அழைப்பது வழக்கம். திருவிழா வெற்றிலை யாருக்கோ, வருஷம் முழுக்க மலையின் கல்யாணமும் காதுகுத்தும் அவருக்கே. "அந்த வெத்தலை உனக்கு வர்ற வரைக்கும் கடை உன்னுது. வராத வருஷம் செட்டை வித்துட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக்கலாம்." அக்கா தலையை ஆட்டினார். தலையாட்டலும் ஒரே ஒரு தடவைதான்.

நான் அந்தக் கடையில் புல்புல்தாரா என்ற கம்பி வாத்தியம் வாசிக்கிறவன். பகலில் கடலை மண்டியில் எடை போடுவேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. என் முழுநேரத் தொழில் பயப்படுவது. பஸ் வளைவில் திரும்பினால் பயம். மேடை என்றால் பயம். தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, யார் என்று கேட்பதற்கு முன்பே அழத் தொடங்குவேன். ஒரு தடவை வந்தது நானே எழுதி, முகவரி தப்பாகப் போய்த் திரும்பிய கார்டு. அதற்கும் அழுதிருந்தேன்.

கல்யாணங்களில் யாராவது பாடினால் அக்கா டேப்பில் பிடித்துக் கொடுப்பார். அப்படி ஒரு தடவை பெண்ணின் தங்கை பாடிக்கொண்டிருக்கும்போது பந்தியில் எவர்சில்வர் அடுக்கு சரிந்து மண்டபமே அதிர்ந்தது. பெண்ணின் அப்பா வந்து, அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி பாட வைக்கலாமா என்று கேட்டார்.

"ஏன்?"

"அடுக்கு விழுந்துச்சேம்மா."

"அடுக்கு விழுந்த கல்யாணத்துலதானேங்க உங்க பொண்ணு பாடுச்சு? விழாத கல்யாணம் எதுன்னு சொல்லுங்க, அங்க போய்ப் புடிச்சுக் குடுக்கறேன்."

அவர் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் அந்தக் கேசட்டைத்தான் அந்த வீட்டில் பல வருஷம் போட்டுக் கேட்டார்கள். அடுக்கு விழும் இடம் வரப்போகிறது என்று குழந்தைகள் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொள்வார்களாம்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் வாணியம்பாடிக்காரர் வந்து சேர்ந்தார். தோல் வியாபாரக் குடும்பம். தோல் பதனிடும் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் படிப்பையும் முடித்தார், தலைமுடியையும் வளர்த்தார், ஒரு கித்தாரும் ஒரு கேசட்டுமாக ஊர் திரும்பினார். அக்கா அவரைச் சின்ன பாய் என்று கூப்பிடுவார்.

"அக்கா, இதுக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க. அத்தா கையில கெடச்சா கேசட்டையும் என்னையும் ஒரே தொட்டில சுண்ணாம்புல ஊறப் போட்டுடுவாரு."

"இன்னா பாட்டு?"

"பாட்டுன்னு சொல்ல முடியாதுக்கா."

கம்பெனி எதுவும் சீந்தாத காலத்தில், யாரோ நாலு பையன்கள் தங்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒத்திகைக்காகப் பிடித்து வைத்த டேப்பாம் அது. கைமாறிக் கைமாறிக் காப்பியின் காப்பியாக வந்தது. அந்தக் கூட்டத்தின் பெயரையும் சொன்னார். எனக்கு அது காய்ச்சல் மருந்தின் பெயர் போலிருந்தது. மறந்துவிட்டேன்.

அக்கா கேசட்டைப் போட்டார். முதலில் யாரோ நாற்காலியை இழுத்தான். யாரோ இருமினான். ஒருவன் எண்ண ஆரம்பித்தான். அவன் எண்ணி முடிப்பதற்குள் இன்னொருவன் அடிக்கத் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு வந்தது நெல் மிஷினுக்குள் கருங்கல்லைப் போட்டது போன்ற ஒரு சத்தம். நான் செய்தது இதுதான்: "ஆம்ப்ளி எரியுதுக்கா" என்று கத்திக்கொண்டே பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூலையில் இருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கீழ வைடா. ஆம்ப்ளி எரியல. பாடறானே, அவன் எரியறான்."

மறுபடி பிளக்கைச் சொருகினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். வார்த்தை ஒன்றுகூட எங்கள் இருவருக்கும் புரியவில்லை. பாட்டின் நடுவில் டொய்ங் என்று ஒரு சத்தம். கித்தார்க் கம்பி அறுந்துவிட்டது. யாரோ சிரிக்கிறான். பாடுகிறவன் தொண்டை கிழிகிறது. அறுந்த கம்பிக்காரன் மிச்சக் கம்பிகளை வைத்துக்கொண்டே வெறி பிடித்தவன் போல் இழுக்கிறான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு வெறும் இரைச்சல். அதற்குள் ஒருவன் மூச்சு வாங்குவது கேட்கிறது.

"அறுந்துச்சு, கேட்டியா?" என்றார் அக்கா. "அறுந்தும் நிறுத்தல பாரு."

கொஞ்ச நாள் கழித்து, அதே கூட்டம் அதே பாட்டைப் பிறகு ஒரு கம்பெனிக்காகப் பாடிய கேசட்டையும் சின்ன பாய் கொண்டுவந்தார். இது சுத்தமாக இருந்தது. நாற்காலி இல்லை, இருமல் இல்லை. எல்லாரும் ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல் அவரவர் இடத்தில் வந்து போனார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. நிம்மதியாக இருந்தது.

அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டார். "இன்னா பாய் இது? புள்ளைங்களைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் மாட்டி உக்கார வெச்சுட்டாங்க. கம்பிகூட அறல. கம்பியே அறாதவனுக்கு எதுக்குத் தொண்டை கிழியணும்?"

"இதுதான்க்கா வித்துச்சு."

"விக்கட்டும். அது விக்கறதுக்குப் பண்ணது. மொதல்ல கொண்டாந்தது, பண்ணாம இருக்க முடியாம பண்ணது."

நான் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த முதல் டேப்பை அக்கா தினமும் கடை திறந்ததும் ஓடவிட்டதால் எனக்கும் மெல்ல மெல்ல ஒன்று பிடிபட்டது. அந்தப் பாட்டு கடைசி வரைக்கும் போய்ச் சேருமா என்பது பாடுகிறவர்களுக்கே தெரியாது. அடுத்த நொடி குடை சாயலாம். சாயவில்லை, இன்னும் சாயவில்லை என்று கூடவே ஓடவேண்டியிருக்கிறது. பயத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். அது கலப்படமில்லாத பயம். நான் பயந்தால் பின்பக்கமாக ஓடுவேன். அந்தப் பையன்கள் பயந்துகொண்டே முன்பக்கமாக ஓடினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு நாள் அக்கா சொன்னார்: "நாமளும் ஒண்ணு போடலாம்டா."

"யாருக்கா பாடறது?"

"நான்தான்."

அக்காவுக்குப் பாட வராது. மைக் டெஸ்டிங் சொல்வதுகூட சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். அதைச் சொன்னேன்.

"அப்ப சண்டையா போட்டுக்கலாம். சண்டை போட எனக்கு ஒண்ணு கீது."

அவருக்கிருந்த சண்டை பஸ்ஸோடு. நெல்லிவாசல்நாட்டு ஜனங்கள் கல்லுடைத்து, தாங்களே ரோடு போட்டிருந்தார்கள். ரோடு போட்டால் பஸ் விடுகிறோம் என்று சர்க்காரில் சொல்லியிருந்தார்கள். ரோடு வந்தது, பஸ் வரவில்லை. பாதி மலையில் ஒரு திருப்பத்தில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயரைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை ஏறியவர் அக்கா. ஷேர் ஜீப் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சின்ன பாய்க்குக் கித்தாரில் தெரிந்தது இரண்டு பிடி. அதில் இரண்டாவது சந்தேகம். தாளத்துக்கு, மரமேறிக் குழாய் கட்டித் தரும் மலைக்காரர் ஒருவர் இருந்தார். நாட்டாமைக்கு மருமகன் முறை. அவர் காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டார். நான் புல்புல்தாரா. ஒடுகத்தூரில் பிடித்தால் அத்தா காதுக்குப் போய்விடும் என்று சின்ன பாய் பயந்ததால், மலையில் நாட்டாமையின் சாமைக் கொல்லையில் இருந்த காவல் கொட்டகைக்குப் போனோம். எனக்குத் துணையாக இன்னொருவரும் பயப்படுகிறார் என்பதே ஆறுதலாக இருந்தது.

அங்கே கரண்ட் கிடையாது. ஆம்ப்ளிக்குக் கார் பேட்டரி; டேப் ரிக்கார்டர் டார்ச் பேட்டரியில் ஓடியது. அதுவும் பழசு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வாட்டி ஒத்திகை பாத்துக்கலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"இதான் ஒத்திகை. இதான் பாட்டு. அழுத்து."

சின்ன பாய் கித்தாரை ஆம்ப்ளியில் மாட்டி, திருகை எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருப்பினார். டின் இடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

ஏறாத பஸ்ஸே, ஏறாத பஸ்ஸே
எங்க மலை உன்னை இன்னா பண்ணுச்சு
ரோடு கேட்டே, போட்டோம்
கல்லு கேட்டே, ஒடச்சோம்
இன்னும் இன்னா வோணும், என் தலையா வோணும்

நான் வாசித்துக்கொண்டே கொட்டகைக்கு வெளியே பார்த்தேன். தூறலுக்குள், சாமைக் கதிருக்கு நடுவில், கறுப்பாக, முடி முடியாக, கூன் போட்டுக்கொண்டு, உறுமியபடி ஒன்று எங்களை நோக்கி வந்தது. அந்தக் காட்டில் கரடி உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். நான் புல்புல்தாராவை எறிந்துவிட்டு, என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஐயோ கரடி, கரடி, கரடி."

டின்காரர் அதை ஏதோ தாளக்கட்டு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் மூன்று கரடிக்கும் மூன்று அடி வைத்து, அப்படியே வேகத்தை இரட்டிப்பாக்கிவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. நான் சின்ன பாயின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கரடி கொட்டகை வாசலில் வந்து நின்று, கம்பளியை விலக்கி இருமியது. நாட்டாமை.

மழைக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக் குனிந்து வந்திருக்கிறார். மலையில் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். பயப்படும்போது தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது. அவர் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். டின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அக்கா கடைசி வரி வரைக்கும் கத்தி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

போட்டுக் கேட்டோம். பிடிக்கும்போது பேட்டரி இறங்கி, டேப் வரவர மெதுவாகச் சுற்றியிருந்தது. கடையில் நல்ல கரண்டில் ஓடவிட்டபோது பாட்டு போகப் போக வேகமெடுத்து, கடைசியில் அக்கா குரல் கீச்சென்று மலையுச்சியில் நின்றது. என் கரடி அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நாட்டாமையின் இருமலும் பேச்சும்.

"அக்கா, தெய்வமே, இன்னொரு வாட்டி பாடிடலாம். நான் பேட்டரி வாங்கித் தர்றேன்."

"உன் வாழ்க்கையில நீ ஒழுங்கா தாளத்துல வந்தது அந்த எடம் ஒண்ணுதான்டா. அதையா அழிக்கச் சொல்றே?"

சின்ன பாய் காப்பி போட்டு ஜீப்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். மலையில் ஓடிய அத்தனை ஜீப்பிலும் அது ஓடியது. அந்த இடம் வந்தால் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட என்னோடு சேர்ந்து கூவுவார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பித் தட்டோடு பெண் வருவதற்குள், அவள் தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்து, "நீங்கதானே கரடி?" என்று கேட்டான். அந்த சம்பந்தம் கூடவில்லை.

இதெல்லாம் என் மானம், போனால் போகட்டும். ஆனால் கத்தி அக்காவின் கழுத்துக்கு வந்தது. டேப்பில் வரும் இருமலை வைத்தே கரடி யார் என்று மலை கண்டுபிடித்துவிட்டது. நாட்டாமை பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் பையன்கள் பின்னாலிருந்து மெல்லமாக மூன்று தடவை கூவ ஆரம்பித்துவிட்டார்கள். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கத்திலிருந்து ஒருவர் புத்தம் புது ஸ்டீரியோ செட்டோடு மலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். நாட்டாமை ஆள் விட்டார். நானும் கூடப் போனேன். மலையில் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, வெத்தலை உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கறேன்" என்றார் நாட்டாமை. "அந்தக் கேசட்டை மட்டும் உன் கையால அழிச்சுட்டு, நல்லதா இன்னொண்ணு பாடிக் குடு. ஜீப்காரனுங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

"நீங்க அதைக் கேட்டீங்களா நாட்டாமை?"

"நான் எதுக்குக் கேக்கணும்? கேட்டவன்லாம் வந்து என் மூஞ்சில சிரிக்கறானுங்களே, அது போதாதா?"

"உங்க பேச்சும் அதுல கீதுங்க."

"இருந்தா இன்னா? நீ திரும்பப் பாடு, நான் வேணும்னா திரும்ப வந்து பேசறேன்."

நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். இதைவிட நியாயமாக யார் இறங்கி வருவார்கள்? சரியென்று ஒரு வார்த்தை. கடை பிழைத்துவிடும். கொழுந்தனாரின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.  ஒன்றுக்கு வந்தது.

அக்கா சொன்னார்: "திரும்ப வந்தா நீங்க நாட்டாமையா வருவீங்க. அன்னிக்கு வந்தது, கொல்லைல எவனோ கூவறானேன்னு மழையில ஓடி வந்த ஆளு. எனக்கு அந்த ஆளுதான் வோணும். அழிக்க மாட்டேங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். அதுதான் தப்பாகப் போய்விட்டது. நாட்டாமை முகம் இறுகியது. "அப்ப வெத்தலை செங்கத்துக்கு."

"குடுங்க" என்றார் அக்கா.

இறங்கி வரும் வழியெல்லாம் நான் புலம்பினேன். ஒரு சத்தம், மிஞ்சிப் போனால் நாலு நொடி, அதுவும் என் சத்தம், எனக்கே வேண்டாத சத்தம், அதற்காகவா கடையை விடுவது? அக்கா திருப்பத்துக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு குரல் ஒண்ணு டேப்புல இருந்துச்சு. மைக் டெஸ்டிங் சொல்லி நடுவுல திக்கிட்டாருன்னு அவரே அழிச்சுட்டு, நல்லா சொல்லி வெச்சாரு. அது இன்னும் கடையில கீது. எவனோ ரேடியோக்காரன் மாதிரி கீது. ஒரு நாள்கூட எடுத்துப் போட்டுக் கேக்கத் தோணல எனக்கு."

பஸ் வந்ததும் அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

திருவிழா அன்று காலையில் அக்கா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏறுடா ஜீப்புல" என்றார். பின்னால் குழாய்களும் ஆம்ப்ளியும் பேட்டரியும். நாட்டு எல்லைக்குள் வெற்றிலை இல்லாமல் குழாய் கட்டக் கூடாது. அதனால் கோயிலுக்கு எதிர்மேட்டில், ரோட்டோரப் புளியமரத்தில் கட்டச் சொன்னார். ரோடு சர்க்காருடையது, யார் கேட்பது? டின்காரர் மாமனுக்குத் தெரியாமல் வந்து மரமேறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஏணிதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் செங்கத்து ஸ்டீரியோ பளிங்கு மாதிரி பாடிக்கொண்டிருந்தது. குறை சொல்ல முடியாத சத்தம். அதைச் சட்டை செய்யாமல் ஜனங்கள் பொரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா எல்லாத் திருகையும் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு எங்கள் கேசட்டைப் போட்டார். குழாய் கரகரத்தது. டின் இடித்தது. ஏறாத பஸ்ஸே என்று பள்ளம் முழுக்க அக்கா கத்தினார். அங்கே பொரிக் கடையில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.

ரோட்டு வழியாக முதலில் வந்தது போலீஸ்காரர். நான் ஜீப்புக்கு அடியில் போனேன். ஆயில் ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக என்று அப்போதே சொல்லிக்கொண்டேன்.

"நிறுத்தும்மா. பர்மிஷன் இருக்குதா?"

"பாட்டு முடியட்டும் சார். முடிஞ்சதும் நானே நிறுத்தறேன்."

"இப்பவே நிறுத்தும்மா."

அவருக்குப் பின்னால் மேடேறி மூச்சு வாங்க வந்து நின்றார் நாட்டாமை. கூடவே பாதித் திருவிழா. அந்த நேரம் பார்த்துக் குழாயில் என் கரடி வந்தது. கூட்டம் சேர்ந்து கூவியது. நாட்டாமையின் கழுத்து நரம்பு புடைப்பது ஜீப்புக்கு அடியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. பிறகு குழாயில் அவருடைய இருமல். அதற்குப் பிறகு, டின் இரைச்சலுக்கு மேலே, மலை முழுக்கக் கேட்கும்படி, அவர் குரல்.

"எவன்டா அவன், மழையில கூவறது? பயப்படாத. பயப்படாத சாமி, நான்தான்."

இதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் கரடியை மட்டும்தான் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தபடி குழாயைப் பார்த்தார். தன் குரலை மனுஷன் அதுவரை வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

போலீஸ்காரர் ஆம்ப்ளியின் பக்கம் கையை நீட்டினார். நாட்டாமை அந்தக் கையைப் பிடித்தார். "இருங்க சார். அது என் குரலு. நான் இன்னும் கேட்டு முடிக்கல."

பாட்டு வேகமெடுத்து, கீச்சிட்டு, முடிந்தது. 

"இன்னொரு வாட்டி போடும்மா."

"கேக்கறது எத்தினி வாட்டி வேணா கேளுங்க" என்றார் அக்கா.

இன்னொரு தடவை ஓடியது. நாட்டாமை கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். பிறகு, "குடுத்த வெத்தலையைத் திரும்ப வாங்க முடியாதும்மா" என்றார்.

"நான் கேக்கலியேங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் பொரிப் பொட்டலம். "ஏம்மா, என் குரலையும் இப்பிடிப் புடிப்பியா? எனக்குப் பாட வராது."

"வராதவங்களுக்குத்தான் புடிக்கறது."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு கும்பல். பின்னொரு நாள் கொழுந்தனார் செட்டை விற்க ஆளோடு வந்தபோதும் கும்பல் இப்படித்தான் நின்றது; கடை வாசலில், தங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு போக மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக வந்தவர்கள். உள்ளே நுழையவே முடியாமல் அவரும் வரிசையில் நின்று, கடைசியில் ஒரு சாமி பாட்டுப் பாடிவிட்டு, செட் பேச்சையே எடுக்காமல் திரும்பிப் போனார். பாட்டின் நடுவில் விக்கல் எடுத்தது. அக்கா அழித்துக் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் புளியமரத்தடியில் அக்கா புதுக் கேசட்டைப் பிரித்தார். "ஒருத்தர் ஒருத்தரா நின்னா பொழுது போயிடும். எல்லாரும் ஒண்ணா வாங்க. பஸ்ஸுக்குக் கேக்கணும், அதான் கணக்கு. நாட்டாமை, நீங்களும் நில்லுங்க." அவர் கம்பளியைத் தோளில் சரிசெய்துகொண்டு முன்வரிசைக்கு வந்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

என்னை ஜீப்புக்கு அடியிலிருந்து இழுத்து டேப் ரிக்கார்டரின் முன்னால் உட்கார வைத்தார்கள். இத்தனை முகமும் என் விரலையே பார்த்தது. விரல் பட்டனில் நிற்காமல் தடதடவென்று ஆடியது. பிளாஸ்டிக்கில் நகம் தட்டும் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்று நான் அக்காவைப் பார்த்தேன்.

"நடுங்கட்டும்" என்றார். "அழுத்து."